பென்சிலில் பூவும் இலையும் வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வாசலிலும் மொட்டை மாடித் தொட்டியிலும் இருக்கும் செடிகளைப் பார்த்துப் பென்சிலில் வரையப் பழகுபவர்களுக்காக இந்தப் பக்கம். கலர் பற்றி இங்கே பேச்சில்லை. எடுத்துக்காட்டு வேண்டிய இடங்களில் பெரும்பாலும் செம்பருத்தியையே எடுத்திருக்கிறோம். அதை ஒழுங்காகப் பார்த்து வரைந்துவிட்டால் மற்ற பூக்களில் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் எந்தப் பூவை வரையலாம்?

ஒற்றை அடுக்குச் செம்பருத்தி. இதழ்கள் ஐந்தே ஐந்து, உறுப்புகள் எல்லாம் வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவு. பறித்து மேசையில் வைத்தால் தண்ணீர் இல்லாமலேயே மாலை வரை விரிந்தபடி இருக்கும். அடுத்ததாக ஒற்றை நந்தியாவட்டை, பிறகு ஊமத்தை, சங்குப்பூ.

ரோஜாவில் தொடங்க வேண்டாம். பலரும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். ஒன்றையொன்று மறைத்து நிற்கும் இதழ்களில் எது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல், சுருள் சுருளாக ஏதோ கோடு போட்டு முடித்துவிடுவார்கள். அடுக்கு மல்லியும் அப்படித்தான்.

என்னென்ன வாங்க வேண்டும்?

பென்சில் நான்கு போதும்: 2ஹெச், ஹெச்பி, 2பி, 4பி. பென்சில் முனை என்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. களிமண் கூடினால் முனை கெட்டியாகி வெளிர்கோடு விழும், அது ஹெச் பக்கம். கிராஃபைட் கூடினால் மென்மையாகிக் கருப்பாக விழும், அது பி பக்கம். பூ வரைவதில் நேரத்தில் முக்கால்வாசி 2ஹெச்சிலும் ஹெச்பியிலும்தான் போகும். பன்னிரண்டு பென்சில் கொண்ட செட் வாங்கினால் 6பி, 8பி எல்லாம் சீவாமலே கிடக்கும். அப்சரா, கேம்லின், ஸ்டெட்லர், ஃபேபர்-காஸ்டெல் என எதுவானாலும் சரி. ஆனால் நான்கும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். ஒரு கம்பெனியின் 2பி இன்னொன்றின் ஹெச்பி போல விழுவது உண்டு.

காகிதத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஜெராக்ஸ் தாளில் இரண்டு மூன்று முறை அழித்தாலே மேல் நார் எழும்பிவிடும், அதன்மேல் போடும் ஷேடிங் திட்டுத்திட்டாக விழும். 150 முதல் 200 ஜிஎஸ்எம் கனமுள்ள வழவழப்பான கார்ட்ரிட்ஜ் தாள், ஏ4 அளவு, கேட்டு வாங்குங்கள். வாட்டர்கலருக்கான சொரசொரப்புத் தாள் இதற்கு ஆகாது. அதன் மேடு பள்ளம் இதழின் மெல்லிய நிழலைத் தின்றுவிடும்.

அழிப்பதற்கு சாதாரண வெள்ளை ரப்பர் ஒன்று, பிசைந்து உருட்டக்கூடிய நீடபிள் ரப்பர் ஒன்று. இரண்டாவதைத் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். இவற்றோடு ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடர், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா ஒன்று (ஏன் என்று பின்னால் வரும்), நைஸ் உப்புத்தாள் ஒரு துண்டு.

ஷார்ப்னரில் சீவினால் போதாதா?

போதும், ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறை சீவ வேண்டியிருக்கும். ஷார்ப்னர் குட்டையான கூம்பாகச் சீவுவதால் சீக்கிரம் மழுங்கும். பிளேடால் மரத்தை இரண்டு செ.மீ. நீளத்துக்குச் சரிவாகச் சீவி, முனையை ஒரு செ.மீ. வரை வெளியே எடுங்கள். பிறகு உப்புத்தாளில் பென்சிலைச் சாய்த்து, விரலால் உருட்டிக்கொண்டே தேயுங்கள். ஊசி போல வரும். நுனியால் நரம்பு போடலாம், பக்கவாட்டால் நிழல் போடலாம். 4பி மட்டும் இவ்வளவு நீளம் தாங்காது, அரை செ.மீ. போதும்.

வரைந்து முடிப்பதற்குள் பூ வாடிவிடுகிறதே?

பூவை முதலில் வரையுங்கள், இலை காத்திருக்கும். செம்பருத்தி பெரும்பாலும் ஒரே நாள் பூ. காலை எட்டு மணிக்குப் பறித்தால் மதியம் வரை வடிவம் மாறாது, அதற்குள் உருவக்கோடு முடிந்திருக்க வேண்டும். ஷேடிங்குக்கு மறுநாள் அதே செடியின் இன்னொரு பூவை அதே கோணத்தில் வைத்துக்கொள்ளலாம். தாமரை காலையில் விரிந்து வெயில் ஏறியதும் மூடத் தொடங்கும். மல்லிகை மாலையில்தான் விரியும். மொட்டு வரைய வேண்டுமென்றால் மதியமே பறித்து வையுங்கள்.

கிளையோடு வெட்டினால், தண்ணீருக்குள் வைத்தே காம்பை இன்னொரு முறை சாய்வாக வெட்டிப் பாட்டிலில் நிறுத்துங்கள். இடையில் நிறுத்த நேர்ந்தால், ஈரத் துணி போட்ட டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் பெரும்பாலான கிளைகள் மறுநாள் வரை தாங்கும். வைப்பதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பென்சிலை எடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

எண்ணுங்கள். இதழ் எத்தனை, இதழுக்குக் கீழே பச்சையாக இருக்கும் புல்லி இதழ் எத்தனை, மகரந்தத் தாள் எத்தனை, இலை தண்டில் ஒன்றாக வருகிறதா இரண்டிரண்டாக வருகிறதா. ஐந்து நிமிடத்து வேலை. இதைச் செய்யாமல் வரைந்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், செடி தெரிந்தவர் பார்த்ததும் "இது எந்தப் பூ?" என்று கேட்டுவிடுவார்.

செம்பருத்தியில் எண்ணினால் இதழ் ஐந்து. புல்லிவட்டம் ஒரு கிண்ணம் போல இணைந்து, விளிம்பில் ஐந்து பற்களோடு இருக்கும். அதற்கும் கீழே மெல்லிய, கூரான பச்சைத் துணுக்குகள் ஆறேழு ஒரு வட்டமாக நிற்கும். பெரும்பாலானோர் படத்தில் விட்டுப்போவது இந்தக் கீழ்வட்டத்தைத்தான். நடுவில் நீட்டிக்கொண்டிருப்பது ஒரே குச்சி அல்ல, மகரந்தத் தாள்கள் ஒட்டி உருவான குழல். அதன் மேல்பாதியில் சுற்றிலும் குட்டைக் காம்புகளில் மகரந்தப்பைகள், குழலின் உள்ளிருந்து வெளியே வந்து ஐந்தாகப் பிரியும் சூல்தண்டு, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு சிறு உருண்டை.

இதழ்களின் அடுக்கையும் பாருங்கள். ஒவ்வொரு இதழுக்கும் ஒரு விளிம்பு பக்கத்து இதழின் மேலேயும், மறு விளிம்பு அடுத்த இதழின் கீழேயும் இருக்கும். ஐந்தும் இப்படியே சுற்றி வரும். இரு விளிம்பும் மேலே உள்ள இதழ் ஒன்றை வரைந்துவிட்டால் அந்தச் சுற்று உடைந்துவிடும். பூவுக்குப் பூ சுற்றின் திசை மாறலாம் என்பதால், மனப்பாடமாக வரையாமல் எதிரில் இருக்கும் பூவைப் பாருங்கள்.

அளவு சரியாக வருவதற்கு வழி?

செடிப்படத்தில் நல்ல வசதி ஒன்று உண்டு: பொருள் காகிதத்தைவிடச் சிறியது, அசல் அளவிலேயே வரையலாம். டிவைடரின் இரு முனைகளையும் பூவின் மேல் படாமல் பிடித்து, இதழ் அகலத்தை எடுத்து அப்படியே தாளில் வையுங்கள். நந்தியாவட்டை போன்ற சிறு பூவை இரண்டு மடங்காக வரைவது நல்லது; எடுத்த அளவைத் தாளில் இரண்டு முறை வைத்தால் முடிந்தது. ஒன்றரை மடங்கு போன்ற கணக்கு வேண்டாம், நடுவில் எங்காவது தவறும்.

சாய்ந்து நிற்கும் இதழை டிவைடரால் நேரடியாக அளக்கக் கூடாது. அது அசல் நீளத்தைக் காட்டும், உங்கள் கண்ணுக்குத் தெரியும் நீளம் அதைவிடக் குறைவு. அங்கே கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலைக் கண்ணுக்கு நேர்குறுக்காகப் பிடித்து, நகத்தால் அளவைக் குறிக்கும் பழைய முறைதான். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும்.

என் பூ எப்போதும் தட்டையாக, ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கிறது. ஏன்?

பூவை வட்டமாகப் போட்டு, நடுவில் புள்ளி வைத்து, புள்ளியிலிருந்து ஐந்து இதழ் இழுப்பதால். பூ உங்களை நேருக்கு நேர் பார்க்கும்போது மட்டும்தான் அது சரி. சற்றே திரும்பினாலும் வட்டம் நீள்வட்டமாகும், நடுப்புள்ளியும் நகரும். இந்த நகர்வில்தான் பூவின் ஆழம் முழுக்க இருக்கிறது. ஆகவே முக்கால்வாசி திரும்பிய செம்பருத்தியை அடி முதல் பார்ப்போம்.

பூ இடப்பக்கம் மேல்நோக்கிப் பார்க்கட்டும், காம்பு வலப்பக்கம் கீழே இறங்கட்டும். முதல் கோடு இதழுக்கானது அல்ல, அச்சு. வலது கீழிலிருந்து இடது மேலாக 2ஹெச்சில் ஒரு நேர்கோடு, மிக லேசாக. புல்லிக்கிண்ணம், தொண்டை, மகரந்தக் குழல் மூன்றும் இந்தக் கோட்டின் மேல்தான் அமர வேண்டும்.

இரண்டாவது, இந்த அச்சின் மேல் பூவின் வாய்க்கு ஒரு நீள்வட்டம். நீள்வட்டத்தின் குட்டை விட்டம் அச்சுக்கோட்டின் மேலேயே படுக்க வேண்டும், நீள விட்டம் அதற்குக் குறுக்கே. கண்ணுக்குப் பூ பத்து செ.மீ. நீளமும் ஏழு செ.மீ. குட்டையுமாகத் தெரிந்தால் அதே விகிதம். நீள்வட்டம் அச்சுக்குக் கோணலாக விழுந்தால், பூ கழுத்து முறிந்தது போலத் தெரியும். பின்னால் எந்த ஷேடிங்காலும் அதைச் சரிசெய்ய முடியாது.

மூன்றாவது, தொண்டைப்புள்ளி. செம்பருத்தி தட்டு அல்ல, அகன்ற புனல். இதழ்கள் சேரும் இடம் வாயின் நடுவில் இல்லை, அச்சின் வழியே பின்னால் காம்பை நோக்கித் தள்ளி இருக்கிறது. அதனால் புள்ளியை நீள்வட்டத்தின் மையத்திலிருந்து வலது கீழாக, அச்சுக்கோட்டின் மேலேயே நகர்த்தி வையுங்கள். எவ்வளவு என்பதைப் பூவைப் பார்த்து அளக்க வேண்டும். அரை விரல் அகலம் நகர்ந்தாலே தாளில் பள்ளம் விழுந்துவிடும்.

நான்காவது, அந்தப் புள்ளியிலிருந்து ஐந்து இதழ்களுக்கும் நடுக்கோடு. இப்போது தானாகவே ஒன்று நடக்கும். காம்புப் பக்கத்து இதழ் குட்டையாகவும் எதிர்ப்பக்கத்து இதழ் நீளமாகவும் வரும். அதுதான் சரி. குட்டை இதழ் உங்களை நோக்கி வருகிறது, அதனால் நீளம் சுருங்கித் தெரிகிறது. ஐந்தையும் சமமாக்கிவிட வேண்டும் என்று கை துடிக்கும், விடாதீர்கள்.

ஐந்தாவதுதான் விளிம்பு. மேலே இருக்கும் விளிம்புகளை முதலில் போட்டு, கீழே போகும் விளிம்புகளை அவற்றுக்கு அடியில் கொண்டுபோய் மறையுங்கள். மறையும் கோட்டையும் லேசாக உள்ளே தொடர்ந்து இழுத்துப் பார்க்க வேண்டும். அது தொண்டைப்புள்ளியில் போய்ச் சேரவில்லை என்றால் இதழ் எங்கோ காற்றில் தொங்குகிறது என்று அர்த்தம். விளிம்பின் நெளிவுகளைக் கடைசியில் சேருங்கள், பெரிய வளைவு முதலில்.

பிறகு குழல். தொண்டையில் தொடங்கி அச்சின் வழியே இடது மேலாக நீளும். அடியில் சற்றுத் தடித்து நுனி நோக்கி ஒடுங்கும். பக்கவாட்டில் உள்ள மகரந்தப்பைகள் காம்போடு தெரியும், உங்களை நோக்கி நிற்பவை வெறும் உருண்டையாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் காம்பு போட்டால் பாட்டில் கழுவும் பிரஷ் ஆகிவிடும். கடைசியில் புல்லிக்கிண்ணமும் அதன் கீழ்வட்டமும். அதற்குப் பிறகு காம்பு எப்படி வேண்டுமானாலும் வளையலாம், கிண்ணம் வரைக்கும் மட்டும் அச்சை விடக் கூடாது. காம்பின் மேல்பகுதியில் ஒரு சிறு மூட்டு இருக்கும், அதையும் தேடிப் பாருங்கள்.

ஊமத்தை, அல்லமண்டா, காசித்தும்பை எதுவானாலும் அச்சு, வாய், தொண்டை என்ற வரிசை மாறாது. ஊமத்தையில் இதழ்கள் ஒட்டி ஒரே புனலாகிவிட்டதால் இதழ் நடுக்கோடுகளுக்குப் பதில், புனலில் ஓடும் ஐந்து மடிப்புகளின் கோடு.

மடங்கிய, திரும்பிய இலையை வரைய முடியவில்லையே?

விளிம்பில் தொடங்குவதால். இலையில் முதலில் போட வேண்டியது நடு நரம்பு. காம்பிலிருந்து நுனி வரை ஒரே மூச்சில் ஓடும் வளைகோடு அது. இலை மடிந்து நடு நரம்பு மறையும் இடத்திலும், கண்ணுக்குத் தெரிவது போல எண்ணிக்கொண்டு கோட்டைத் தொடருங்கள். மடிப்புக்கு அப்பால் அது வெளிவரும் இடம் அப்போதுதான் சரியாக விழும். மடிப்புக்கு முன்னும் பின்னும் தனித்தனியாக வரைந்தால், இரண்டு இலைகளை ஒட்டவைத்தது போல நிற்கும்.

நடு நரம்புக்கு இருபுறமும் உள்ள பாதிகள் சம அகலமாகத் தெரியாது. உங்கள் பக்கம் சாய்ந்த பாதி அகலம், அப்பால் சரிந்த பாதி ஒடுக்கம். சில சமயம் ஒடுங்கிய பாதி வெறும் நூலாகத்தான் தெரியும். அதை நூலாகவே வரையத் துணிவு வேண்டும்.

பழக ஒரு எளிய பயிற்சி: ஒரு அரசிலையை மேசையில் வைத்து, முதலில் நேராக மேலிருந்து, பிறகு பக்கவாட்டில் கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி, பிறகு நுனி உங்களை நோக்கும்படி, ஒரே தாளில் மூன்று முறை வரையுங்கள். மூன்றாவது படத்தில் கை அளவு இலை இரண்டு விரல் உயரத்துக்குள் அடங்கிவிடும். கண்ணை நம்பினால்தான் அது வரும்.

நரம்புகளைக் கருங்கோடாகப் போட்டால் மீன்முள் போல இருக்கிறது.

இலையின் மேல்புறத்தில் பெரும்பாலும் நரம்பு கோடு அல்ல, சிறு வாய்க்கால். ஒரு கரையில் வெளிச்சம், மறு கரையில் நிழல். பல இலைகளில் அது சுற்றியுள்ள பரப்பைவிட வெளிறியும் இருக்கும். ஆகவே நரம்பை விட்டுவிட்டு, நரம்புகளுக்கு இடைப்பட்ட பரப்பை ஷேட் செய்யுங்கள். நரம்பு தாளின் வெள்ளையாகத் தானே தெரியும். முடிவில் அதன் ஒரு ஓரத்தில் மட்டும் கூர்மையான ஹெச்பியால் மெல்லிய நிழல். இலையைத் திருப்பினால் பின்புறத்தில் நரம்பு புடைத்து நிற்கும், அங்கே நிழல் நரம்புக்கு வெளியே விழும்.

நடு நரம்பு எப்போதும் இரு கோடு, அடியில் தடித்து நுனியில் ஒன்றாகும். பக்க நரம்பு நடு நரம்பிலிருந்து குத்தாகக் கிளம்பாது, சற்று தூரம் அதோடு ஒட்டி ஓடிப் பிரியும். ஒவ்வொரு செடிக்கும் தனி வழக்கம் உண்டு. செம்பருத்தி இலையில் அடியிலிருந்தே மூன்று பெரிய நரம்புகள் கிளம்பும். வாழையில் பக்க நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக விளிம்பு வரை ஓடும். வெற்றிலையில் அவை வில்லாக வளைந்து நுனி நோக்கிச் செல்லும். எல்லா இலைக்கும் ஒரே "வி" வரிசை போடுபவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாமலே போய்விடும்.

இலை விளிம்பின் பற்கள்?

மழமழப்பாக விளிம்புக்கோடு போட்டுக்கொண்டு, பற்களை அதிலிருந்து உள்ளே வெட்டுங்கள், வெளியே ஒட்டாதீர்கள். பெரும்பாலும் நுனி நோக்கிச் சாய்ந்திருக்கும். செம்பருத்தியில் அடிப்பகுதி விளிம்பு கிட்டத்தட்ட வழவழப்பு, பற்கள் மேலே போகப் போகத்தான். வேப்பிலையில் இன்னொன்றும் கவனியுங்கள்: ஒவ்வொரு சிற்றிலையும் அரிவாள் போலச் சற்று வளைந்து, அடியில் இரு பக்கமும் சமமில்லாமல் இருக்கும். அந்தச் சமமின்மை இல்லாவிட்டால் அது வேம்பு அல்ல.

தண்டில் இலையை எப்படிப் பொருத்துவது?

கணுவில். இலை தண்டில் எங்கே வேண்டுமானாலும் முளைக்காது. கணு சற்றே தடித்திருக்கும், இலைக்காம்பின் அடி அங்கே அகன்று தண்டைப் பிடித்திருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட கக்கத்தில் ஒரு மொட்டு உட்கார்ந்திருக்கும். இந்த மூன்றையும் நெருங்கிப் பார்த்து ஒரு முறை பெரிதாக வரைந்தால், இலை தண்டில் குத்தப்பட்டது போலத் தெரிவது நின்றுவிடும்.

அமைவையும் கண்டுகொள்ளுங்கள். செம்பருத்தியில் கணுவுக்கு ஒரு இலை, மாறி மாறி. நந்தியாவட்டை, மல்லிகை, எருக்கு ஆகியவற்றில் எதிரெதிராக இரண்டு. துளசியிலும் எதிரெதிர்தான், ஆனால் ஒரு ஜோடி கிழக்கு மேற்காக நின்றால் அடுத்த ஜோடி வடக்கு தெற்காக நிற்கும். தண்டும் உருண்டை அல்ல, நான்கு பட்டை. செவ்வரளியில் பெரும்பாலும் கணுவுக்கு மூன்று.

தண்டை ஒற்றைக் கோடாகப் போடாதீர்கள். எவ்வளவு மெல்லியதானாலும் அதற்கு இரு கரை உண்டு, நடுவே நிழல் உண்டு.

ஷேடிங்கை எங்கே தொடங்குவது?

வெளிச்சத்தை ஒரே பக்கத்திலிருந்து வரவையுங்கள். இடது மேலிருந்து வருவது செடிப்பட மரபு, வலது கைக்காரருக்குக் கையின் நிழலும் விழாது. ஜன்னலோரம் போதும். ட்யூப்லைட்டும் ஜன்னலும் சேர்ந்தால் நிழல் இரண்டு பக்கமும் விழுந்து குழப்பும்.

முதல் பூச்சு 2ஹெச், பென்சிலைப் படுக்கவைத்து, அழுத்தாமல். இதழில் கோடுகள் தொண்டையிலிருந்து விளிம்பு நோக்கி ஓடட்டும், இதழ் வளையும் பக்கம் கோடும் வளையட்டும். வெளிச்சம் படும் இடத்தைத் தாளாகவே விடுங்கள். அதன்மேல் ஹெச்பி, பிறகு 2பி. 4பி கடைசியில், அதுவும் தொண்டையின் ஆழம், இதழ் இதழின் கீழே நுழையும் இடுக்கு, இலைக்கு அடியில் மறையும் தண்டு ஆகிய இடங்களில் மட்டும். ஆனால் அங்கே தயங்காமல் போடுங்கள். கருமை இல்லாத படம் சாம்பல் பூசியது போல இருக்கும். புதிதாகப் பழகுபவர் படங்களில் நாம் அதிகம் பார்ப்பது இந்தக் குறைதான்.

2ஹெச்சை அழுத்திக் கருப்பாக்கப் பார்க்காதீர்கள். தாளில் பள்ளம் விழும், பிறகு 2பி போட்டால் அந்தப் பள்ளம் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

இதே தவறைத் திறமையாகவும் பயன்படுத்தலாம். மை தீர்ந்த பேனாவால் ஷேடிங்குக்கு முன்பே தாளில் அழுத்திக் கோடு இழுங்கள், பிறகு மேலே பென்சிலைப் படுக்கவைத்து ஓட்டுங்கள். கோடு வெள்ளையாக நிற்கும். தக்காளித் தண்டின் ரோமம், வெளிர் நரம்பு எல்லாவற்றுக்கும் இதுதான் வழி.

சிவப்புப் பூ, பச்சை இலை: எது கருப்பு?

இது நல்ல கேள்வி. அடர்சிவப்புச் செம்பருத்தியும் அதன் இலையும் கறுப்பு வெள்ளையில் ஏறத்தாழ ஒரே கருமைக்கு வந்துவிடும், வரைந்தால் பூ இலைக்குள் கரைந்துபோகும். செல்போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். வேறுபாட்டை நிறத்தில் தேடாமல் பரப்பில் தேட வேண்டும்: இலை பளபளப்பு, அதில் கூர்மையான வெள்ளை மினுக்கம் விழும், இதழ் வெல்வெட் மாதிரி, அதில் வெளிச்சம் மெதுவாகக் கரையும். அதைக் காட்டினாலே இரண்டும் பிரிந்துவிடும்.

வெள்ளைப் பூவை வெள்ளைத் தாளில்?

சுற்றிக் கருங்கோடு போடாமல், பின்னால் ஒரு இலையை நிறுத்தி அதை ஷேட் செய்யுங்கள். நந்தியாவட்டையின் இதழுக்கு 2ஹெச் ஒன்றே போதும், தொண்டையிலும் இதழ் மேல் இதழ் நிழல் விழும் இடத்திலும் மட்டும் ஹெச்பி. பின்னால் இலை இல்லாத பக்கம் நுண்ணிய 2ஹெச் கோடு, அதுவும் இடையிடையே விட்டு விட்டு.

விரலால் தேய்த்து மழமழப்பாக்கலாமா?

வேண்டாம். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு தாளில் ஏறினால் அந்த இடத்தில் பென்சில் சரியாகப் பிடிக்காது, அழிக்கவும் வராது. காகிதச் சுருளால் (பிளெண்டிங் ஸ்டம்ப்) பெரிய இலையின் அடிப்பூச்சை ஒருமுறை சமன்செய்வதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் இலை பிளாஸ்டிக் ஆகிவிடும்.

இட்லிப்பூ, சூரியகாந்தி போன்ற கொத்துகளுக்கு?

ஒவ்வொரு பூவாக வரையத் தொடங்கினால் முடிவே இராது. கொத்தை முதலில் ஒரு உருண்டையாகவோ கவிகையாகவோ கண்டு, அதற்கு வெளிச்ச நிழல் போடுங்கள். இட்லிப்பூவானால், வெளிச்சப் பக்கம் முன்னால் நிற்கும் ஐந்தாறு பூவை மட்டும் முழுதாக, நான்கு இதழும் நீண்ட குழலுமாக முடியுங்கள். நிழல் பக்கம் இதழ் நுனிகள் போதும்.

சூரியகாந்தியின் நடுத்தட்டில் சிறுபூக்கள் இருபுறமும் சுழலும் வரிசைகளாக இருக்கும்; எண்ணினால் பெரும்பாலும் ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55 என்பது போல வரும். அவற்றைக் கட்டம் கட்டமாக நேர்கோட்டில் போட்டால் வலை போலாகும். இருபக்கச் சுருள்களையும் சிலவற்றை மட்டும் 2ஹெச்சில் இழுத்து, அவை வெட்டும் இடங்களில் பூக்களை வையுங்கள்.

செங்காந்தள் வரையப் பலருக்கும் ஆசை. எப்போது?

நீள்வட்டம் கைவந்த பிறகு. தமிழ்நாட்டின் மாநில மலரான இதில் எல்லாம் தலைகீழ்: பூ கீழே தொங்கும், ஆறு இதழ்களும் பின்னால் மடங்கி மேலே எழும், விளிம்பு நெளியும். ஆறு மகரந்தத் தாள்கள் சக்கரத்தின் ஆரம் போலப் பக்கவாட்டில் விரியும், அந்தச் சக்கரத்துக்கே முதல் நீள்வட்டம். சூல்தண்டு அடியிலேயே கிட்டத்தட்ட செங்கோணத்தில் திரும்பி ஒரு பக்கமாக நீளும். இதை நேராகத் தொங்கவிடுவதுதான் வழக்கமான பிழை. இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பி ஆவதையும் விட்டுவிடாதீர்கள்.

செடி முழுக்க, குறிப்பாகக் கிழங்கு, கொடிய நஞ்சு. அரளி, ஊமத்தையும் அப்படியே. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இவற்றைத் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்கவோ சாப்பிடவோ கூடாது, பிள்ளைகளை வைத்து வரையச் சொல்லும்போது இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

போட்டோ பார்த்து வரைந்தால் என்ன தவறு?

தவறில்லை, நஷ்டம் உண்டு. போட்டோவில் இதழின் பின்னால் எட்டிப் பார்க்க முடியாது. போனைப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்தால் முன் இதழ் ஊதிப் பெரிதாகும்; இரண்டடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள்.

பழைய செடி ஓவியங்களிலிருந்து கற்க முடியுமா?

நிச்சயமாக, அதிலும் நம் பக்கத்து ஓவியர்களிடமிருந்தே. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட் (1796–1872), ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்களைக் கொண்டு தென்னிந்தியத் தாவரங்களை வரையச் செய்தார். அந்த ஓவியங்கள் எடின்பரோ ராயல் பொட்டானிக் கார்டனில் இருக்கின்றன. ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயியா என்று ஓவியரின் பெயரையே வைட் சூட்டினார். இப்படங்கள் வண்ணத்தில் ஆனவை, நமக்கு வேண்டியது அவற்றின் அமைப்பு: கிளை தாளில் எப்படிச் சாய்கிறது, ஒரு இலையையாவது எப்படிப் பின்புறம் திருப்பிக் காட்டுகிறார்கள், பிரித்தெடுத்த பூ உறுப்புகளைப் பெரிதாக்கித் தாளின் கீழே எப்படி வைக்கிறார்கள்.

படம் அழுக்காகாமல் காப்பது?

வியர்க்கும் ஊர்களில் உள்ளங்கையே முதல் எதிரி. கைக்கு அடியில் எப்போதும் ஒரு வெள்ளைத் தாள், வலது கைக்காரர் இடமிருந்து வலமாக நகர வேண்டும். ரப்பர் தூசியைக் கையால் தட்டாமல் காய்ந்த பிரஷ்ஷால் தள்ளுங்கள். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து மென்மையாகும், ஹெச் பென்சில் கீறும். தாள்களை மூடிய பிளாஸ்டிக் கவரில் வையுங்கள். முடிந்த படத்துக்கு மேல் பட்டர் பேப்பர் ஒன்று.

தாளின் ஓரத்தில் என்ன எழுதுவது?

செடியின் பெயர், பறித்த இடம், தேதி, எந்த அளவில் வரைந்தீர்கள் என்பது. அளவை "இரண்டு மடங்கு" என்று எழுதுவதோடு, ஒரு செ.மீ.யைக் குறிக்கும் சிறு கோடும் போடுங்கள். இரண்டு மடங்குப் படத்தில் அது இரண்டு செ.மீ. நீளம் இருக்கும். படத்தை நாளை சுருக்கி அச்சிட்டால் எழுத்தில் உள்ள அளவு பொய்யாகிவிடும், கோடு மட்டும் படத்தோடு சேர்ந்து சுருங்கும்.